எட்டுக் கட்டி ஈயம்

திருச்செந்தூருக்கா அண்ணாச்சி? சாமி கும்பிடவா? நல்லது. நான் அதுக்கு முந்தியே எறங்கிருவேன். மாதாகோயில் விலக்குன்னு ஒரு ஸ்டாப்பு வரும், இங்கேர்ந்து முக்கா மணி நேரம். அங்கனதான் எங்க தங்கச்சி வீடு. இன்னைக்குச் சாயந்தரம் அஞ்சு மணிக்கு அவ புருசனுக்கு ஆண்டுப் பூசை. சந்தியாகுன்னு பேரு. செத்து இன்னையோட ஒரு வருசம்.

மணி என்ன, மூணா? அப்ப நேரம் கெடக்கு.

ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கவா? நான் ஒரு விசயம் சொல்லுதேன், கேட்டுட்டு, சரியா வந்திருக்கான்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். அந்த வீட்டுல போயி, நாலு பேரு முன்னால, நான் அதைச் சொல்லணும். மதுரையில பஸ் ஏறுனதுலேர்ந்து மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாக்கேன். பாதியில எங்கயாவது போயி முட்டிக்கிடுது. வாய்விட்டுச் சொன்னா வந்துரும்னு நெனைக்கேன். தெரிஞ்சவன்கிட்ட சொல்ல முடியாதுல்லா. நீங்கன்னா கோயிலுக்குப் போயிருவிய, நான் என் பாட்டுக்குப் போயிருவேன்.

என் பேரு கஸ்பார். இருபத்தாறு வருசம் சங்கு எடுத்தவன். சங்குன்னா கரையில பொறுக்குறது இல்ல, முங்கி எடுக்கது. முதுகுல காத்துச் சிலிண்டரு, இடுப்புல ஈயப் பட்டை, கண்ணாடி. எட்டுப் பாகம், ஒம்போது பாகம் ஆழத்துல மணல்ல நடந்து போயி எடுக்கணும். ஒரு பாகம்னா ஆறடி. ஈயம் இல்லன்னா கடல் ஒங்களைத் தூக்கி மேல போட்டுரும். அதனால எடை கட்டி எறங்கணும். எட்டுக் கட்டி. ஒரு கட்டி ஒரு கிலோ. எங்க அப்பா எட்டு, நான் எட்டு, சந்தியாகும் எட்டு. இதை ஞாபகம் வச்சுக்கிடுங்க, இதுலதான் விசயமே இருக்கு.

எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு பாத்துக்கிடுங்க. முங்குதவன் இடுப்புல ஒரு கயிறு. அந்தக் கயித்தோட மறுமுனை வள்ளத்துல ஒருத்தன் கையில இருக்கும். அது யாரு கையில? கூடப்பொறந்த அண்ணன் தம்பி கையில கெடையாது. பெத்த அப்பன் கையிலகூட கெடையாது. மச்சான் கையில. பொண்டாட்டியோட கூடப்பொறந்தவன் கையில. ஏன்னு சொல்லுங்க பாப்போம். அண்ணன் தம்பிக்காவது பங்கு பாகம்னு ஒரு நெனப்பு வந்தாலும் வரும். மச்சானுக்குக் கயித்துல தொங்குறது அவன் தங்கச்சி தாலி. அவன் கண்ணசர மாட்டான். சந்தியாகு கயித்தை இருபது வருசம் நான் பிடிச்சேன் அண்ணாச்சி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை விட்டிருக்கேனா கேளுங்க. ஊர்ல யாரைவேணாலும் கேளுங்க.

இப்ப ஊர்ல எவனும் எங்கையில கயிறு குடுக்கது இல்ல. குடுக்க மாட்டேன்னு வாயால சொல்லல. "நீரு ரெஸ்ட் எடும் கஸ்பாரு" அப்பிடிங்கான். நாப்பத்தெட்டு வயசுல எனக்கு என்னய்யா ரெஸ்டு? மதுரையில மீன் மார்க்கெட்ல மீன் வெட்டுதேன். சங்குக்காரன் மீன் வெட்டுதான். சரி, அது போகட்டும்.

விசயத்துக்கு வாரேன். போன வருசம் ஆடி மாசம். கச்சான் காத்து அடிச்சா எங்க கடல் கலங்கிப் போயிரும், முங்குனா கை தெரியாது. மூணு மாசம் சும்மாதான் கெடப்போம். அப்ப ஒருத்தர் வந்தாரு, பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆனவரு. திண்டுக்கல்லுக்கு அந்தாண்ட ஒரு பழைய கருங்கல் குவாரி, கல்லு வெட்டுதது நின்னு போயி பத்துப் பதினஞ்சு வருசமா தண்ணி நெறஞ்சு கெடக்கு. அதுல முங்கப் பழக்குத பள்ளிக்கூடம் நடத்துதாரு. ஸ்கூபா. பெங்களூர்லேர்ந்து, மெட்ராஸ்லேர்ந்து சனி ஞாயிறானா காருல வருதாவ. தண்ணிக்குள்ள அங்கன என்னத்தப் பாப்பாவன்னு நான் கேட்டேன். மீன் உண்டா? ஒரு வெரல் நீளத்துக்கு உண்டாம். பவளம் உண்டா? கல்லுதான் உண்டு. அதனால பாக்கதுக்கு ஒண்ணு வேணுமேன்னு ஒரு பழைய மினி பஸ்ஸை உள்ள முக்கி வச்சிருக்காரு. சிரிக்காதிய. ரோட்டுல போற பஸ்ஸை ஓசியில பாக்கலாம், இவன் துட்டுக் குடுத்துத் தண்ணிக்குள்ள போயி பாக்கான்.

அந்த பஸ்ஸு வரைக்கும் கரையிலேர்ந்து ஒரு கயிறு இழுத்துக் கட்டணும், பழகுதவன் பிடிச்சுக்கிட்டே போறதுக்கு. அது எங்க வேலை. பத்து நாள் வேலை. நானும் சந்தியாகும் போனோம்.

நான் வேண்டாம்னுதான் சொன்னேன் மொதல்ல. இல்ல... வேண்டாம்னு சொல்லல. ரெஜினாதான் சொன்னா, எங்க தங்கச்சி. "தெரியாத தண்ணி, எதுக்கு"ன்னா. நான்தான் அவளைச் சத்தம் போட்டேன். "கடலையே குடிச்சவனுக்குக் குட்டை ஒரு தண்ணியா?" அப்பிடின்னேன். அவளும் சிரிச்சா. "ஒன்னை நம்பித்தான் அனுப்புதேன்"ன்னா. இதெல்லாம் சொல்ல வேண்டியது இல்ல, விட்டுருவோம்.

அந்தக் குவாரியை நீங்க பாக்கணும். நாலு பக்கமும் கத்தி வச்சு வெட்டுன மாதிரி செவுரு. நடுவுல தண்ணி. பச்சை. அலை கெடையாது, சத்தம் கெடையாது, ஒரு வாசம் கெடையாது. கடல்னா தூரத்துலயே மூக்குல அடிக்கும்லா? இது பக்கத்துல நின்னாலும் தெரியாது. எனக்கு அது பிடிக்கவே இல்ல. தண்ணிக்குள்ளயும் அப்பிடித்தான், கல்லுல படி படியா வெட்டி எறக்கியிருக்கான். மொதப் படி நாலு பாகம். ரெண்டாவது படி எட்டுப் பாகம், அதுலதான் பஸ்ஸு நிக்கி. அந்தப் படி முடிஞ்சுதுன்னா அதுக்கங்கிட்டு ஒண்ணும் கெடையாது, நேரா கீழ இருபது பாகம். அடியில கல்லு அறுத்த மாவு, களி மாதிரி படிஞ்சு கெடக்கு. கடல் இப்பிடியா? கடல் மெல்லச் சரியும். தடுக்கி விழுந்தாலும் மணல்ல உக்காந்து எந்திக்கலாம். இது மாடியிலேர்ந்து விழுதது மாதிரி.

அங்கன பழக்கிக் குடுக்கதுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு. தாரணி. கோயமுத்தூர்க்காரி, இருபத்தஞ்சு இருபத்தாறு வயசு இருக்கும். நல்ல பொண்ணுதான், நான் குத்தம் சொல்லல. ஆனா எல்லாத்துக்கும் ஒரு நோட்டு. மொத நாளே நோட்டும் கையுமா வந்து எங்க இடுப்பைப் பாத்தா. "அண்ணா, எட்டு ஜாஸ்திங்க. இது நல்ல தண்ணிங்கண்ணா. உப்புத் தண்ணி தாங்குற அளவுக்கு இது ஆளைத் தாங்காதுங்க. ரெண்டு கழட்டிருங்க"ன்னா. பெறவு, இடுப்புப் பட்டைக்கு முடிச்சுப் போடாதீங்க, பக்கிள் போடுங்க, ஆபத்துன்னா ஒரே இழுப்புல கழண்டு விழணும்னா. நாங்க முடிச்சுதான் போடுவோம். ஈயம் கடல்ல விழுந்தா யாரு தேடுவா? பெறவு காத்து ஊதுற ஜாக்கெட்டு ஒண்ணு, அதை மாட்டுங்க, அதை ஊதினா மேல வந்துரலாம்னா. நான் சொன்னேன்: "பாப்பா, ஒன் ஜாக்கெட்டை நீ போட்டுக்கோ. எங்க மாப்ளைக்கு ஜாக்கெட்டு நான்தான்." கயித்தைத் தூக்கிக் காட்டுனேன். அங்கன நின்ன பெங்களூர்க்காரனெல்லாம் கைதட்டிச் சிரிச்சான்.

அவ முதலாளிக்குப் போன் போட்டா. அவரு, "அவங்க கடல்காரங்கம்மா, அவங்க வழியில விடு"ன்னுட்டாரு. பாத்தியளா? அவரு சொல்லியிருக்கணும்லா, கண்டிசனா? படிச்சவரு, பட்டாளத்துக்காரரு. இதை எவனும் கேக்கல. என்னையத்தான் கேக்கான்.

ஏழு நாள் ஒண்ணும் ஆகல. ஏழு நாளும் நான்தான் முங்குனேன், சந்தியாகு கயிறு பிடிச்சான். எட்டுக் கட்டியோடதான் முங்குனேன். எனக்கு ஒண்ணும் ஆகலல்லா? வெரசாத்தான் எறங்குச்சு, காது ரெண்டும் கும்முன்னு அடைச்சுது, மேல வரதுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குச்சு. கொஞ்சம்தான். அதை நான் யார்கிட்டயும் சொல்லல. சந்தியாகுகிட்டயும் சொல்லல. சொல்லுத அளவுக்கு ஒண்ணும் இல்லைன்னு நெனச்சேன்.

எட்டாம் நாள் எனக்குக் காதுல சீழு வச்சுக்கிட்டு. முங்க முடியல. அதனால அவன் முங்குதான், நான் கயிறு. ட்ரம்மு கட்டுன ஒரு தெப்பம் உண்டு, அதுல உக்காந்திருக்கோம். காலையில ஒரு பத்தரை மணி இருக்கும், நல்ல வெயிலு. தாரணியும் தெப்பத்துலதான் இருந்தா. அவன் எட்டுக் கட்டியோட எறங்குனான். எறங்குனானா... எறங்குனான். அந்தப் பொண்ணு சொன்னதைக் கேக்கல. சங்குக்காரன்லா, வீம்பு. நான் போலீஸ்லயும் அப்பிடித்தான் சொன்னேன். "அவரே வேண்டாம்னுட்டாரு"ன்னு எழுதிக் கையெழுத்து வாங்குனாவ.

தண்ணி வச்சிருக்கியளா? இருங்க, என்கிட்ட பாட்டில் இருக்கு. ஒரு வாய் குடிச்சிக்கிடுதேன்.

எறங்குனான். கயிறு எங்கையில ஓடுது. நாலு பாகம், அஞ்சு, ஆறு, எட்டு. நின்னுட்டு. பஸ்கிட்டப் போயிட்டான்னு நெனச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு கயிறு மறுபடியும் ஓடிச்சு. வேகமா. சரி, நடக்கான்னு நெனச்சேன். பெறவு நின்னுட்டு. அப்பிடியே சும்மா கெடந்துச்சு.

கடல்ல கயிறு சும்மா கெடந்தா என்ன அர்த்தம்? ஆளு குனிஞ்சு சங்கு பொறுக்குதான்னு அர்த்தம். ஆபத்துன்னா மூணு இழுப்பு இழுப்பான். இருபத்தாறு வருசத்துல அந்தக் கணக்கு ஒரு நாள் தப்பினது இல்ல. கையில மூணு இழுப்பு வந்தா ஒறக்கத்துல இருந்தாலும் எந்திச்சுருவேன். வரல அண்ணாச்சி. மாதா சத்தியமா ஒரு இழுப்புகூட வரல. நான் விடல, கண்ணசரல, பீடிகூடப் பத்த வைக்கல. கயித்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

தாரணி வாச்சைப் பாத்தா. "அண்ணா, குமிழி பஸ்ஸை விட்டுத் தள்ளி வருது. நான் போயி பாத்துட்டு வந்துர்றேனுங்க"ன்னா. நான் சொன்னேன், "நீ போனா மாவு கலங்கிரும், அவனுக்குக் கண்ணு தெரியாது. சும்மா இரு. ஏதாவதுன்னா எனக்குத் தெரியும்." இருந்தா. மறுபடியும் வாச்சு. மறுபடியும் கேட்டா. மறுபடியும் சொன்னேன். மூணாவது தடவை என்னைக் கேக்கல, அவ பாட்டுக்குச் சிலிண்டரை மாட்டிக் குதிச்சுட்டா. அப்பதான் நான் கயித்தை இழுத்தேன். வரல. ரெண்டு கையால இழுத்தேன். காலை ட்ரம்முல முட்டுக் குடுத்து இழுத்தேன். பாறைய இழுக்க மாதிரி இருந்துச்சு.

பெறவு அவ சொல்லித்தான் தெரியும். அவன் ரெண்டாம் படியோட ஓரத்துல கால் வச்சிருக்கான். மாவு வழுக்கியிருக்கு. எடை இழுத்துக்கிட்டுப் போயிருச்சு, நேரா அடிக்கு. கயிறு அந்தப் படியோட முனையில ஒரு வெடிப்புல போயி மாட்டி இறுகிக்கிட்டு. கீழேர்ந்து அவன் இழுத்தா கல்லுதான் இழுக்கும், எங்கைக்கு வராது. கடல்ல படி ஏது? வெடிப்பு ஏது? கயிறு நேராப் போகும், நேரா வரும். எனக்கு எப்பிடித் தெரியும், சொல்லுங்க.

சிலிண்டருல காத்துத் தீந்து போயி, முழங்கால் வரைக்கும் மாவுல புதைஞ்சு நின்னுக்கிட்டு இருந்தானாம். விழுந்து கெடக்கல. நின்னுக்கிட்டு இருந்தானாம். ஒரு கை இடுப்பு முடிச்சுல. ஒரு கை கயித்துல.

அவனை மேல கொண்டுவந்து தெப்பத்துல போட்டப்ப நான் அந்தக் கையைப் பாத்தேன். உள்ளங்கையில தோல் இல்ல. வெள்ளையா, வழண்டு போயி... எத்தனை தடவை இழுத்திருப்பான் அண்ணாச்சி? மூணு தடவை இல்ல. முப்பது தடவை இழுத்திருப்பான். மச்சான் மேல இருக்கான்னு நம்பி இழுத்திருப்பான்.

இருங்க. ஒண்ணும் இல்ல. தூசி.

அடக்கத்தன்னைக்கு ரெஜினா என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. பெட்டிகிட்ட உக்காந்திருந்தவ நிமிந்து பாத்து, "கயிறு ஒன் கையிலதான இருந்துச்சு?"ன்னா. நான், "ஆமாம்மா. கடைசி வரைக்கும் விடல"ன்னேன். உள்ளதைத்தான் சொன்னேன். அதுலேர்ந்து அவ பேசல. ஒரு வருசம். நான் விட்டுட்டேன்னு சொல்லியிருந்தா பேசியிருப்பாளா? விடலைன்னு சொன்னதுக்கு ஒருத்தி பேசாம இருப்பாளா? எங்களுக்கு வேற கூடப்பொறப்பு கெடையாது. அவ ஒருத்தி, நான் ஒருத்தன். எனக்குக் கல்யாணமும் ஆகல. கிறிஸ்மஸுக்குப் போனேன், கதவைத் தெறக்கல. வெளிய நின்னு பலகாரப் பையை நடையில வச்சுட்டு வந்தேன். மறுநாள் பஸ்ஸுல மார்க்கெட்டுக்கே திரும்பி வந்துட்டு, அதே பை, அதே முடிச்சு.

ஊரும் அப்பிடியே பேசுது. "சந்தியாகு வீம்புலதான் செத்தான், அந்தப் பொண்ணு சொன்னதைக் கேட்டிருந்தா இருந்திருப்பான்." அவன் மவ ஜெனிட்டா காலேஜ் போறா, பஸ்ஸுல அவ காதுபடப் பேசுதாவளாம். ரெஜினாவுக்கு அதுதான் தாங்கல. அவன் வீம்புக்காரன் இல்லைன்னு அவளுக்குத் தெரியும்லா. இருபது வருசம் குடும்பம் நடத்துனவ. எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டான் அண்ணாச்சி அவன். சாப்பாட்டுல உப்பு இல்லன்னாகூட எங்க தங்கச்சிகிட்டச் சொல்ல மாட்டான், எந்திச்சுப் போயி அவனே போட்டுக்கிடுவான்.

ரெண்டு மாசம் முந்தி தாரணி அந்த வீட்டுக்கு வந்திருக்கா. அந்த வேலையை விட்டுட்டாளாம். ரெஜினா கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதிருக்கா. அழுதவ ஒண்ணு சொல்லிட்டுப் போயிட்டா. "அக்கா, அவர் எறங்குறதுக்கு முன்னால நான் டார்ச் எடுக்கக் கரைமேல இருக்குற ஷெட்டுக்குப் போனப்போ அவர் பட்டையில ஆறுதானுங்க்கா இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன். பட்டையைத் தரையில வச்சு, அவரே ரெண்டைக் கழட்டிட்டாரு. மேல கொண்டுவந்து எண்ணுனா எட்டு."

போன வியாழக்கிழமை ஜெனிட்டா போன் பண்ணுனா. "மாமா, ஆண்டுப் பூசைக்கு அம்மா ஒங்களை வரச் சொல்லுதா"ன்னா. வெட்டிக்கிட்டு இருந்த மீனை அப்பிடியே போட்டுட்டு ரோட்டுக்கு வந்துட்டேன். "ஆனா பூசைக்கு முன்னால, வீட்டுல எல்லாரும் இருக்கும்போது, நீங்க ஒண்ணு சொல்லணுமாம். ஆறு எப்பிடி எட்டாச்சுன்னு."

"சொன்னா?"

"சொன்னா அம்மா ஒங்ககிட்டப் பேசுவா."

"சொல்லாட்டா?"

"சொல்லாட்டா இனிமே வர வேண்டாமாம் மாமா. அம்மா செத்தாலும் வர வேண்டாமாம்"ன்னா.

இவ்வளவுதான் விசயம். இப்ப நான் சொல்லப்போறதுதான் அங்கன சொல்ல வேண்டியது. கேட்டுக்கிடுங்க.

ரெஜினா... அம்மா ரெஜினா. அவன் ரெண்டைக் கழட்டுனது நெசம்தான். அந்தப் பொண்ணு சொல்லுதது சரி. அவ ஷெட்டுக்குப் போயிட்டா. அப்ப... காத்து அடிச்சுது, தெப்பம் ஆடிச்சு... இல்ல. காத்து அடிக்கல. அந்தத் தண்ணிக்குக் காத்தே கெடையாது.

மறுபடியும் சொல்லுதேன்.

அவ ஷெட்டுக்குப் போயிட்டா. அவன் என்னையப் பாத்து, "மச்சான், நீரு ஏழு நாளா மேல வரும்போது மூச்சு வாங்குதீரு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அந்தப் பொண்ணு சொல்லுதது சரியாத்தான் இருக்கும். நான் ஆறோட போறேன்"ன்னான். மெதுவாத்தான் சொன்னான். கரையில பெங்களூர்ப் பயலுவ நாலு பேரு உக்காந்து எங்களையே பாத்துக்கிட்டு இருந்தானுவ. எனக்குச் சுருக்குன்னு வந்துட்டு. ஏழு நாளு நான் எட்டோட முங்குனதைப் பாத்தவனுவ. இவன் ஒரு பொம்பளப்பிள்ளை சொன்னதுக்கு ஆறோட எறங்குனா, என்னையப் பத்தி என்ன நெனப்பான்? நான், "ஏலே, தாவணி கட்டிக்கிட்டு முங்குதியா?"ன்னேன். சத்தமா. அவனுவ சிரிச்சானுவ. பாஷை தெரியாதவனும் சிரிச்சான். சந்தியாகு மொகம் செவந்து போச்சு. ஒண்ணும் பேசல. பேசத்தான் மாட்டானே.

கழட்டுன ரெண்டையும் நான்தான் எடுத்தேன். பட்டையில நான்தான் கோத்தேன். அவன் கையைத் தூக்கிக்கிட்டு நின்னான், சின்னப்பிள்ளைக்குச் சட்டை போட்டுவிடும்போது நிக்குமே, அப்பிடி. முடிச்சை நான்தான் போட்டேன். கடல் முடிச்சு, ரெட்டையா. தண்ணியில நனைஞ்சா இன்னும் இறுகுத முடிச்சு. "போ மாப்ள, நான் இருக்கேன்"ன்னேன்.

பெறவு போலீஸ்ல அவன் வீம்புன்னு எழுதிக் குடுத்தேன்.

வந்துட்டுல்லா அண்ணாச்சி? முட்டாம வந்துட்டு. ஒரு வருசத்துல இன்னைக்குத்தான் வந்திருக்கு. இப்பிடியே சொன்னாப் போதுமா? இப்பிடியேவா? தாவணின்னு சொன்னதையுமா? அது வேண்டாம்னு நெனைக்கேன். எட்டு நான்தான் கோத்தேன்னு சொன்னாப் பத்தாதா? அதைக் கேட்டுட்டு அவ, "ஏன்"னு கேப்பா. கேப்பாள்லா. "ஏன் அண்ணே"ன்னு கேட்டா நான் என்ன சொல்ல? கரையில நாலு பேரு பாத்தான்னா? அவனுவ பேருகூட எனக்குத் தெரியாது. எவன்னே தெரியாத நாலு பேரு சிரிக்கணும்னா அவ புருசன் போனான்?

அவ என்னைய அடிச்சாலும் பரவாயில்ல. அழுதாலும் பரவாயில்ல. பேசுவேன்னுல்லா சொல்லியிருக்கா. இதைக் கேட்டுட்டு அவ என்கிட்டப் பேசணும். சொன்ன சொல்லு மாற மாட்டா அவ. எப்பிடிப் பேசுவா? இதைக் கேட்டுட்டு ஒருத்தி எப்பிடிப் பேசுவா?

இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு? வந்துட்டா? அதுக்குள்ளயா? எறங்கி ஒரு கிலோமீட்டர் நடக்கணும் வீட்டுக்கு. நடந்துக்கிட்டே இன்னொரு தடவை சொல்லிப் பாத்துக்கிடுவேன். வாசல்ல போயி செருப்பைக் கழட்டும்போது ஒரு தடவை. பையை எடுங்க, ஒங்க கால் பக்கத்துல இருக்கு. ரொம்ப உபகாரம் அண்ணாச்சி. முருகன்கிட்ட எனக்கும் சேத்து...

அது யாரு?

அந்த மரத்தடியில. வெள்ளைச் சேலை.

ரெஜினா. ரெஜினாதான். ஸ்டாப்புக்கே வந்திருக்கா. எந்த பஸ்ஸுன்னு நான் சொல்லலியே. மத்தியானத்துலேர்ந்து வார பஸ்ஸெல்லாம் பாத்துக்கிட்டு நிக்கா போல. எப்பிடி மெலிஞ்சு போயிட்டா பாருங்க. ஒத்தையில நிக்கா. அவ வீட்டுல இருப்பான்னுல்லா நெனச்சேன். நடக்கதுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்குன்னுல்லா நெனச்சேன்.

ஒவ்வொரு சன்னலா பாத்துக்கிட்டு வாரா.

அண்ணாச்சி, கொஞ்சம் முன்னால சாஞ்சுக்கிடுங்க. இன்னும் கொஞ்சம். ஒங்க துண்டை இப்பிடிக் குடுங்க. இல்ல, கண்டக்டரைக் கூப்பிடாதிய. கண்டக்டரையா, யாரும் எறங்கல! போகலாம், ரைட்டு! திருச்செந்தூருக்கு ஒண்ணு குடுங்க, நான் மாத்தி எடுத்துக்கிடுதேன்.

என் கையைப் பிடிக்காதிய அண்ணாச்சி. விடுங்க. ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

கெளம்பிட்டா? வண்டி கெளம்பிட்டுல்லா?

நீங்க திரும்பிப் பாத்துச் சொல்லுங்க. போயிட்டாளா, அங்கனயே நிக்காளா?